ஒவ்வொரு முறையும் 4 ஜிபியிலேயே நிற்கும் பதிவிறக்கம்

ஈசூன்வாசி | சனிக்கிழமை, இரவு 9.12

வணக்கம். என் தாயாரின் எண்பதாம் பிறந்தநாள் விழாவைப் படம்பிடித்தவர், முழுக் காணொளியையும் ஒரே கோப்பாக இணையத்தில் ஏற்றி, ஏழு நாளில் காலாவதியாகும் சுட்டி ஒன்றை அனுப்பியிருக்கிறார். கோப்பின் அளவு 5.8 ஜிபி. தொலைக்காட்சியில் போட்டுக் காட்ட வேண்டும் என்பதால், விண்டோஸ் மடிக்கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, செருகியிருந்த 32 ஜிபி தம்ப் டிரைவிலேயே நேராகச் சேமிக்கும்படி கொடுத்தேன். ஏறத்தாழ ஏழு நிமிடம் ஒழுங்காக இறங்குகிறது. அதன்பின் 4.0 ஜிபி என்று காட்டும் இடத்தில் நின்று, வட்டில் போதிய இடமில்லை என்று சொல்லிவிடுகிறது. தம்ப் டிரைவில் இருப்பவை பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள் மட்டுமே. விண்டோஸும் 29 ஜிபிக்கு மேல் காலி என்றுதான் காட்டுகிறது.

மூன்று முறை முயன்றுவிட்டேன், மூன்று முறையும் இதே கதை. வீட்டில் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, மற்ற எதிலும் குறையில்லை. அடுத்த ஞாயிறு ஜோகூரிலிருந்து பெரியம்மா குடும்பத்தார் வருகிறார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

புதியவன் | சனிக்கிழமை, இரவு 9.30

கேஷையும் குக்கியையும் துடைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் முயன்று பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வேறு உலாவியை நிறுவுங்கள். எனக்கு ஒரு முறை அப்படித்தான் சரியானது.

ஈசூன்வாசி | சனிக்கிழமை, இரவு 10.21

நன்றி. நீங்கள் சொன்ன அனைத்தையும் செய்தேன். கேஷைத் துடைத்ததில் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டதுதான் மிச்சம். ஃபயர்ஃபாக்ஸிலும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

பழுதுநீக்கி | சனிக்கிழமை, இரவு 10.58

நண்பரே, நான் அலுவலகமொன்றின் கணினி உதவி மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன். எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்தாகக் கேஷைத் துடைக்கச் சொல்லும் வழக்கம், வயிற்றுவலியோ தலைவலியோ எல்லாவற்றுக்கும் தைலம் தடவுவதைப் போன்றது. பக்கம் தவறாகத் தோன்றினால் அது உதவும். பாதி இறங்கிய கோப்பு நிற்பதற்கும் கேஷுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. இரண்டு உலாவிகளும் ஒரே இடத்தில் நின்றதே உலாவியின் மீது குற்றமில்லை என்பதைச் சொல்லிவிட்டது.

பதிவிறக்கம் தோற்றால் நான் முதலில் பார்ப்பது பிழைச் செய்தியை அன்று, எங்கே நிற்கிறது என்பதைத்தான். பிழைச் செய்தி உலாவியின் கையில் கடைசியாக வந்து சேர்ந்த புகார் மட்டுமே. அந்தப் புகார் எந்தக் காரணத்தால் எழுந்தது என்பது பல வேளைகளில் உலாவிக்கே தெரியாது. சொடுக்கியவுடன் எதுவுமே நடக்கவில்லை என்றால், அனுமதியோ சுட்டியோ தடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை 300 எம்பியிலும் மறுமுறை 2 ஜிபியிலும் எனக் கண்ட இடத்தில் நின்றால், வைஃபை தடுமாறுகிறது அல்லது மடிக்கணினி மூடியதும் உறங்கிவிடுகிறது. எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஒரே நேர இடைவெளியில் நின்றால், சுட்டியின் காலக்கெடுவோ அலுவலக வலையமைப்பின் நேர வரம்போ காரணமாகலாம். எப்போதும் ஒரே அளவில் நின்றால், சேமிக்கும் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். நூறு விழுக்காடு இறங்கியபின் தோற்றால், நச்சுநிரல் சோதனையோ கோப்புறையின் அனுமதியோ குறுக்கே நிற்கிறது.

உங்கள் விவரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஏழு நிமிடம் என்றும் சொல்கிறீர்கள், 4.0 ஜிபி என்றும் சொல்கிறீர்கள். தம்ப் டிரைவ் விநாடிக்குச் சுமார் 10 எம்பி வேகத்தில் எழுதினால் 4 ஜிபிக்கு ஏழு நிமிடம்தான் ஆகும்; ஆகவே நின்றது நேரத்தாலா அளவாலா என்று இதை வைத்து முடிவுசெய்ய இயலாது. உங்கள் ஃபைபர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், வாய் குறுகிய குடத்தில் குழாயைத் திறந்துவிட்டதைப் போல, எழுதும் வேகத்துக்குத்தான் பதிவிறக்கம் நடக்கும்.

ஆகவே தம்ப் டிரைவைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியின் உள்வட்டில் உள்ள பதிவிறக்கக் கோப்புறையில் சேமியுங்கள். 4 ஜிபியைத் தாண்டுகிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் விசையோடு ஜே-யை அழுத்தினால் பதிவிறக்கப் பட்டியல் திறக்கும். அதைத் திறந்தே வைத்திருங்கள்.

இரவுப்பணியாளர் | சனிக்கிழமை, இரவு 11.40

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தோன்றுவது வேறு: அந்தத் தம்ப் டிரைவே போலியாக இருக்கலாம். இணையக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்த 128 ஜிபி டிரைவ் ஒன்றை வாங்கி நான் ஏமாந்தேன். உள்ளே இருந்தது 8 ஜிபி சில்லு மட்டுமே. வெளியே 128 என்று பொய்க்கணக்குக் காட்டும்படி அதை மாற்றியிருந்தார்கள்.

பழுதுநீக்கி | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.05

நியாயமான ஐயம். ஆனால் போலி டிரைவ்கள் பெரும்பாலும் வேறு விதமாக நடந்துகொள்ளும். அவை "இடமில்லை" என்று மறுப்பதில்லை. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்வதாக நடித்து, பழையதன் மேலேயே எழுதும், அல்லது காற்றில் விட்டுவிடும். பதிவிறக்கம் வெற்றி என்று வரும். திறக்கும்போதுதான் காணொளி பாதியில் உடையும். 4 ஜிபியில் துல்லியமாக மறுக்கும் டிரைவ் நேர்மையானது என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் உறுதிசெய்ய விரும்பினால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு இலவசக் கருவி டிரைவ் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். டிரைவைக் காலி செய்துவிட்டு ஓட விடுங்கள்.

ஈசூன்வாசி | ஞாயிற்றுக்கிழமை, காலை 10.44

முடிவைச் சொல்கிறேன். உள்வட்டில் சேமித்தபோது 4 ஜிபியைச் சிறிதும் தயங்காமல் கடந்து, மூன்று நிமிடத்துக்குள் 5.8 ஜிபியும் முழுமையாக இறங்கிவிட்டது. கணினியில் காணொளியும் நன்றாக ஓடுகிறது. மகிழ்ச்சியோடு அதைத் தம்ப் டிரைவுக்கு இழுத்துப் போட்டேன். விண்டோஸ் உடனே ஒரு பெட்டியைக் காட்டியது: சேரிடத்தின் கோப்பு முறைமைக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியதாம். இடமில்லை என்ற பேச்சே இப்போது இல்லை. ஒரே டிரைவுக்கு எதற்காக இரண்டு விதமான காரணங்கள்?

பழுதுநீக்கி | ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30

நோய் தெரிந்துவிட்டது. உங்கள் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறையில், இருக்கிறது. 'இந்தக் கணினி'யில் அந்த டிரைவின் மேல் வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால் அந்தப் பெயரை நீங்களே பார்க்கலாம்.

ஃபேட்32 முறைமை 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு வந்தது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவேட்டு வரி உண்டு. அந்த வரியில் கோப்பின் அளவை எழுத 4 பைட், அதாவது 32 பிட் அகலமுள்ள கட்டத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். மளிகைக்கடைக் கணக்கேட்டில் தொகைக்கான பத்தி நான்கு இலக்க அகலம்தான் என்றால், 9,999க்கு மேல் எழுத முடியாதல்லவா? பெட்டியில் எவ்வளவு பணமிருந்தாலும் ஏட்டில் எழுத இடமில்லை. அப்படி 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு பைட் கூட ஒரு கோப்பில் சேர்க்க இயலாது. டிரைவ் 32 ஜிபியானாலும் சரி, முழுவதும் காலியாக இருந்தாலும் சரி.

இரண்டு விதமான காரணம் வந்ததற்கு விளக்கம் இதுதான். கோப்பை இழுத்துப் போடும்போது அதன் முழு அளவு விண்டோஸுக்கு முன்கூட்டியே தெரியும்; அதனால் தொடங்குவதற்கு முன்பே சரியான காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுகிறது. உலாவியோ சேமிக்கும் கோப்புறையிலேயே ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து (குரோம் அதற்குச் சிஆர்டவுன்லோட் என்றும் ஃபயர்ஃபாக்ஸ் பார்ட் என்றும் பின்னொட்டு இடும்), துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. வரம்பைத் தொட்ட நொடியில், ஃபேட் முறைமையைக் கவனிக்கும் விண்டோஸின் அடிப்பகுதி "வட்டு நிறைந்துவிட்டது" என்ற பிழையைத் திருப்பி அனுப்புகிறது. உலாவி அதை நம்பி உங்களிடம் ஒப்பிக்கிறது. பாவம், அதன் மேல் கோபித்துப் பயனில்லை.

இனி வழிகள். தம்ப் டிரைவில் உள்ள புகைப்படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அதை எக்ஸ்ஃபேட் முறைமையில் ஃபார்மட் செய்வது எளிது. மைக்ரோசாஃப்ட் 2006இல் ஃபிளாஷ் சேமிப்புக்கென்றே கொண்டுவந்த முறைமை அது. நடைமுறையில் நீங்கள் தொடக்கூடிய அளவு வரம்பு அதில் இல்லை. ஆனால் ஃபார்மட் செய்தால் டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். எதையும் அழிக்காமல் மாற்ற வேண்டுமானால், விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் கன்வெர்ட் என்ற கட்டளை ஃபேட்32ஐ என்டிஎஃப்எஸ் ஆக மாற்றித் தரும். அது ஒருவழிப் பாதை. முதலில் உங்கள் தொலைக்காட்சியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும், என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்காத பெட்டிகளும் உண்டு, ஃபேட்32 மட்டுமே தெரிந்த பழைய பெட்டிகளும் உண்டு. உங்களுடையது பழையது என்றால், காணொளிக்காரரிடமே 4 ஜிபிக்குக் குறைவான இரண்டு பாகங்களாகத் தரும்படி கேட்பதுதான் நல்லது.

இனிமேல் பெரிய கோப்பு எதையும் முதலில் உள்வட்டில் இறக்கிக்கொண்டு, பிறகு தம்ப் டிரைவுக்குப் படியெடுங்கள்.

இரவுப்பணியாளர் | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.15

கற்றுக்கொண்டேன், நன்றி. இதோடு சேர்த்து என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். தங்கியிருக்கும் இடத்து வைஃபை அடிக்கடி அறுந்துவிடும். சில கோப்புகள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. சில முதலிலிருந்து மீண்டும் தொடங்குகின்றன. 2 ஜிபி இறங்கியபின் பூச்சியத்துக்குத் திரும்புவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பழுதுநீக்கி | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.02

அதை முடிவுசெய்வது கோப்பு இருக்கும் சேவையகம். "இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு" என்று உலாவி கேட்கும். அந்த முறையை அறிந்த சேவையகம் 206 என்ற குறியீட்டோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும்; அறியாதது 200 என்று பதிலளித்து முதலிலிருந்து அனுப்பும். இடையில் கோப்பே மாறிவிட்டதா என்பதை அறிய, ஈடேக் எனப்படும் ஓர் அடையாளச் சரத்தையும் இருவரும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். அது பொருந்தாவிட்டாலும் முதலிலிருந்துதான். பழைய பாதியையும் புதிய மீதியையும் ஒட்டவைத்து உடைந்த கோப்பைத் தருவதைவிட அது மேல்.

காலாவதியாகும் சுட்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. நேற்று நின்றதை இன்று தொடர முயன்றால், சுட்டி செத்துப்போயிருக்கும். 403 என்று தடைசெய்யும். புதிய சுட்டியை வாங்கினால் உலாவி அதைப் புதிய பதிவிறக்கமாகவே கருதும், பழைய பாதியோடு சேர்க்காது. உங்களைப் போன்றோர் பெரிய கோப்புகளை நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ ஒரே அமர்வில் இறக்கிவிடுவது நல்லது.

செங்காங் அம்மா | ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.20

வணக்கம் ஐயா. இந்த இழையைப் படித்ததும் எனக்கும் கேட்கத் துணிவு வந்தது. மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அவளுடைய தமிழாசிரியர் ஏற்றிவைக்கும் பயிற்சித்தாள் ஒன்றை மடிக்கணினியில் இறக்க முடிகிறது; ஆனால் ஆண்ட்ராய்டு திறன்பேசியில் சேமிக்கும்போது கோப்பின் பெயர் மிக நீளம் என்று மறுக்கிறது. பெயர் இதுதான்: "உயர்நிலை இரண்டு உயர்தமிழ் இரண்டாம் பருவம் கருத்தறிதல் பயிற்சித்தாள் தொகுப்பு மூன்று விடைகளுடன்". நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலப் பாடத்தின் கோப்புகள் இதைவிட நீளமான பெயரோடு சிக்கலின்றி இறங்குகின்றன. தமிழுக்கு மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு?

பழுதுநீக்கி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.47

அம்மா, மிக நல்ல கேள்வி. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அதனால்தான் தாமதம்.

யாரும் வேண்டுமென்று பாகுபாடு காட்டவில்லை. ஆனால் விளைவு பாகுபாடாகத்தான் இருக்கிறது. திறன்பேசியின் கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம் தருகிறது. எழுத்துக்குக் கணக்கில்லை, பைட்டுக்குத்தான் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். மேலும், நாம் ஓரெழுத்து என்று எண்ணுவது கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு குறிகள். 'சிங்கப்பூர்' என்ற ஆறெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சி, ங், ப், பூ, ர் ஆகிய ஐந்தும் இரண்டிரண்டு குறிகள், க மட்டும் ஒன்று. மொத்தம் 11 குறிகள், 33 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 9 பைட்.

இப்போது உங்கள் பயிற்சித்தாளின் பெயர். தமிழெழுத்துகள் 51. குறிகளாகப் பிரித்தால் 85. மூன்றால் பெருக்கினால் சரியாக 255. எழுத்துகளே முழு இடத்தையும் அடைத்துவிட்டன. அவற்றுக்கிடையே உள்ள 9 இடைவெளிகளும், கடைசியில் வரும் புள்ளியும் பிடிஎஃப் என்ற மூன்றெழுத்தும் சேர்ந்து 268 ஆகிறது. 13 பைட் மிகுதி. ஆசிரியர் 'விடைகளுடன்' என்ற சொல்லை விட்டிருந்தாலே இறங்கியிருக்கும்.

மடிக்கணினியில் இறங்குவதற்குக் காரணம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை 255 பைட்டை எண்ணாமல் 255 குறிகளை எண்ணுவது. அதன் கணக்கில் உங்கள் கோப்பின் பெயர் 98 குறிகள்தான். ஆனால் அங்கும் வேறொரு பள்ளம் உண்டு: கோப்புறைப் பெயர்கள் அனைத்தையும் சேர்த்த முழுப் பாதை 260 குறிகளைத் தாண்டினால் பல செயலிகள் தடுமாறும். தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைக்குள் தமிழ்ப் பெயரிட்ட கோப்புறை என்று அடுக்கிக்கொண்டு போகும் என் போன்றவர்களுக்கு அது அடிக்கடி நேரும்.

திறன்பேசிக் குரோமின் அமைப்புகளில், பதிவிறக்கங்கள் பகுதியில், எங்கே சேமிப்பது என்று கேட்கும் விருப்பத்தை இயக்குங்கள். அடுத்த முறை சேமிக்குமுன் ஒரு பெட்டி தோன்றும். அதில் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆசிரியரிடமும் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். தமிழில் பெயரிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுருக்கமாகப் பெயரிட்டால் போதும்.

செங்காங் அம்மா | ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.10

பெயரைச் சுருக்கியதும் இறங்கிவிட்டது ஐயா. மகள் இப்போது தன் பெயருக்கு எத்தனை பைட் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு சின்னச் சந்தேகம்: வேறொரு தளத்திலிருந்து இறக்கிய தமிழ்க் கோப்புகளின் பெயர்கள் விழுக்காட்டுக் குறியும் எண்களுமாக ஒரு முழ நீளத்துக்கு வருகின்றன. அதுவும் இதே சங்கதியா?

பழுதுநீக்கி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.33

ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். வலைமுகவரியில் தமிழ் அப்படியே போகாது. ஒவ்வொரு பைட்டையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு குறியெழுத்துகளுமாக மாற்றித்தான் அனுப்புவார்கள். 'சிங்கப்பூர்' 99 குறியெழுத்துகளாக நீண்டுவிடும். பெறும் பக்கத்தில் அதைத் தமிழாகத் திருப்ப வேண்டும். கோப்பின் பெயரை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு அனுப்பும் முறை 2011இலேயே இணையத் தரநிலையாக வந்துவிட்டது. அதைப் பின்பற்றாத சேவையகத்திலிருந்து வரும் கோப்புக்கு அந்த முழநீளப் பெயரே ஒட்டிக்கொள்ளும். உள்ளடக்கம் பழுதாகாது, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

மலர்க்குழு | திங்கட்கிழமை, காலை 7.50

எங்கள் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். உறுப்பினர் பகுதியிலிருந்து நேற்றிரவு இறக்கிய ஒன்பது பிடிஎஃப்களில் கடைசி நான்கு திறக்கவில்லை. 'கோப்பு சிதைந்துள்ளது' என்கிறது. அந்த நான்கின் அளவும் 3 கேபி.

இரவுப்பணியாளர் | திங்கட்கிழமை, காலை 8.20

இதற்கு நானே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன், எனக்கும் நேர்ந்திருக்கிறது. நான்கும் ஒரே அளவு, அதுவும் 3 கேபி என்றால், அவை பிடிஎஃப்களே அல்ல. ஐந்தாவது கோப்புக்குப் பிறகு உங்கள் நுழைவு காலாவதியாகியிருக்கும். சேவையகம் மலருக்குப் பதிலாக, 'மீண்டும் உள்நுழையுங்கள்' என்ற பக்கத்தைக் கொடுத்திருக்கும். உலாவி அதையே பிடிஎஃப் என்ற பெயரில் சேமித்திருக்கும். நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும். கூர்முனை அடைப்புக்குறியும் எச்டிஎம்எல் என்ற சொல்லும் தென்பட்டால் அது வலைப்பக்கம். பொது இடத்து வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் குறுக்கே வந்தாலும் இதே கதைதான்.

பழுதுநீக்கி | திங்கட்கிழமை, காலை 8.41

முற்றிலும் சரி. கூடுதலாக ஒன்று: ஜிப் கோப்பு என்றால் பிகே என்ற இரண்டெழுத்தில் தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துவைத்தது அது.

மலர்க்குழு | திங்கட்கிழமை, காலை 9.15

நீங்கள் சொன்னபடியே இருந்தது. மறுபடி உள்நுழைந்து நான்கையும் இறக்கிவிட்டேன். நன்றி.

புதியவன் | திங்கட்கிழமை, பிற்பகல் 12.32

முதலில் தவறான மருந்து சொன்னவன் நான்தான். என்னுடைய சிக்கலையும் தீர்த்துவையுங்கள். வருமான வரிக் கணக்குக்காக வங்கித் தளத்தில் பன்னிரண்டு மாத அறிக்கைகளைத் தெரிவுசெய்து இறக்கினால், முதலாவது மட்டும் வருகிறது. மற்றவை வருவதுமில்லை, பிழை என்றும் சொல்வதில்லை. கேஷைத் துடைக்கவில்லை, சத்தியமாக.

பழுதுநீக்கி | திங்கட்கிழமை, பிற்பகல் 12.50

'இந்தத் தளம் பல கோப்புகளைப் பதிவிறக்க விரும்புகிறது' என்று குரோம் எப்போதோ கேட்டிருக்கும். நீங்கள் அவசரத்தில் தடுக்கும் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளத்துக்கு அந்த விடையை அது நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு கேட்காமலேயே தடுக்கும். முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னத்தைச் சொடுக்கி, தள அமைப்புகளுக்குள் போய், தானியங்கிப் பதிவிறக்கங்களை அனுமதியுங்கள்.

ஜூரோங்வாசகி | திங்கட்கிழமை, இரவு 8.05

மாமியார் சமூக ஊடகத்தில் மலிவு விலை மீன் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, விற்பவர் அனுப்பிய சுட்டியிலிருந்து செயலியை இறக்கப் பார்க்கிறார். ஏபிகே என்ற கோப்பு. உலாவி ஆபத்தானது என்று எச்சரிக்கிறது. அதை மீறி இறக்கினாலும் நிறுவும்போது திறன்பேசி தடுத்துவிடுகிறது. அமைப்புகளில் எதை அணைத்தால் இது போகும்? ஐந்து வெள்ளி முன்பணம் அந்தச் செயலி வழியாகத்தான் கட்ட வேண்டுமாம்.

பழுதுநீக்கி | திங்கட்கிழமை, இரவு 8.09

தயவுசெய்து எதையும் அணைக்காதீர்கள். இந்த இழையில் பழுதே இல்லாத பதிவிறக்கம் இது ஒன்றுதான்; தடுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

2023இல் இங்கே இதே பாணியில் பலர் ஏமாந்தார்கள்: மூன்கேக், மளிகை, வீட்டைத் துப்புரவாக்கும் சேவை, டுரியான் சுற்றுலா என்று விளம்பரம் வரும், சிறு தொகை கட்டச் செயலி அனுப்புவார்கள். கேட்பது ஐந்து வெள்ளியாக இருக்கலாம். குறி வங்கிக் கணக்கின் மீதுதான். அதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகல் நிறுவனம் நம் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் செயலிகளைச் சோதிக்கும் பிளே புரொடெக்டில் கூடுதல் தடுப்பை உலகிலேயே முதலில் சிங்கப்பூரில் அறிமுகப்படுத்தியது. உலாவி, குறுந்தகவல் செயலி, கோப்பு மேலாளர் ஆகியவை வழியாக வரும் செயலி, குறுஞ்செய்தி பெறவோ படிக்கவோ, அறிவிப்புகளைக் கவனிக்கவோ, எளிய அணுகல் வசதியைப் பயன்படுத்தவோ அனுமதி கோருமானால், அதை நிறுவவே விடாது. மீன் விற்பவருக்கு உங்கள் மாமியாரின் குறுஞ்செய்திகள் எதற்கு? வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண் அங்கேதான் வருகிறது, அதற்குத்தான்.

இறங்கிய கோப்பை அழித்துவிடுங்கள். எப்படியோ நிறுவப்பட்டிருந்தால், திறன்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி, வேறு தொலைபேசியிலிருந்து வங்கியை உடனே அழையுங்கள். ஐயமிருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

ஜூரோங்வாசகி | திங்கட்கிழமை, இரவு 9.26

நிறுவவில்லை, கோப்பையும் அழித்துவிட்டோம். நாளை டெக்கா சந்தைக்கு நானே அவரை அழைத்துச் செல்கிறேன்.

ஈசூன்வாசி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.15

இழையைத் தொடங்கியவன் ஒரு வாரம் கழித்து வருகிறேன். தொலைக்காட்சியின் கையேடு எக்ஸ்ஃபேட்டையும் ஃபேட்32ஐயும் படிக்கும் என்றது, என்டிஎஃப்எஸ் பற்றிப் பேச்சில்லை. புகைப்படங்களை மாற்றிவிட்டு டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து படியெடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. தொலைக்காட்சியில் கோப்பின் பெயர் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை போலும். பெயரை வெறும் '80' என்று மாற்றினேன். பெரியம்மா இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். அந்தத் தம்ப் டிரைவை இப்போது ஜோகூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே தொலைக்காட்சி பழையது. ஆகவே இரண்டு பாகமாகப் பிரித்துத் தரும்படி காணொளிக்காரரிடம் இன்று கேட்டிருக்கிறேன்.